இரண்டாவது துண்டு

செல்வரத்தினத்தின் கையில் சிக்கிய பைக்கற் எதுவும் நேராக நிற்பதில்லை. புலம்பெயர்ந்து வந்து வாழும் டூட்டிங்கின் கடைத்தெருவில் எந்தக் கடைக்குள் நுழைந்தாலும், எடுத்த பொருளை முதலில் குப்புறப் போடுவார். முன்பக்கத்துப் படங்களில் அவருக்கு நம்பிக்கையில்லை. மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி, சட்டைப் பைக்குள்ளிருந்து ஒரு சின்னப் பூதக்கண்ணாடியை எடுத்து, பின்பக்கத்தில் எறும்பு ஊர்ந்தமாதிரி அடித்திருப்பதை வரிவரியாக வாசிப்பார். வாசித்து முடித்ததும் அங்கேயே நின்று நண்பருக்கு ஒரு தொலைபேசி.

"ஸ்ரீதரன், உந்த நீலப் பைக்கற் பிஸ்கட்டை வாங்காதையும். அதுக்குள்ள மாட்டுக் கொழுப்புக் கிடக்கு."

இதை வைத்து அவரைச் சைவம் என்று எண்ணிவிடக் கூடாது. சனிக்கிழமைக் குழம்பில் மீன் தலையைத் தனக்கென்று ஒதுக்கி வைக்கச் சொல்பவர் அவர். சூரை மீனை அவித்துக் கட்டைபோலக் காயவைத்த மாசிக் கருவாட்டை இடித்துச் சம்பல் போட்டால், வேறு கறி கேட்கமாட்டார். ஆனால் வெள்ளிக்கிழமையும் விரத நாளும் வந்துவிட்டால் அதே மீனுக்கு 'மச்சம்' என்று பெயர் மாறிவிடும். அது இருந்த திசையில் காற்று வீசினால்கூட அவருக்குப் பொறுக்காது. இதில் முரண்பாடு ஏதும் உண்டென்று அவருக்குத் தோன்றியதில்லை. யாழ்ப்பாணத்துச் சைவர்களில் முக்கால்வாசிப் பேருக்கும் தோன்றியதில்லை.

ஓய்வு பெறும்வரை அவர் ஒரு கவுன்சிலில் வாகனம் நிறுத்தும் அபராதங்களுக்கு எதிரான முறையீடுகளைக் கவனித்தார். கவனித்தார் என்பது மரியாதைக்குச் சொல்வது. மறுத்தார். மனைவிக்குப் பிரசவ வலி என்று எழுதியவர்கள், தகப்பன் செத்த அவசரத்தில் தெருவோரத்து மஞ்சள் கோட்டைக் கவனிக்கவில்லை என்று எழுதியவர்கள், எல்லோருக்கும் ஒரே பதில்தான் போனது. 'உங்கள் நிலைமைக்கு வருந்துகிறோம். எனினும்.' அந்த 'எனினும்' அவருடைய வாழ்க்கையின் பெரிய சொல். ஓய்வு பெற்றபின் அதை யாருக்குச் சொல்வது என்று தெரியாமல் கொஞ்ச நாள் வெறுமையாகத் திரிந்தார். பிறகு பைக்கற்றுகள் கிடைத்தன.

கந்தசஷ்டிக்கு டூட்டிங், மிட்சம் பகுதிக் குடும்பங்கள் சில சேர்ந்து ஒரு சாரணர் மண்டபத்தை வாடகைக்கு எடுப்பார்கள். மேசைப்பந்து மேசைமேல் பட்டு விரித்து, வேலும் முருகன் படமும் வைத்து, ஆறு நாளும் மாலையில் பாட்டும் படிப்பும். ஏழாம் நாள் காலை பாறணை. அன்றைக்கு விரதத்தை முடித்து எல்லோரும் கூடியிருந்து சாப்பிடுவார்கள். ஆளுக்கொரு தட்டுச் சாப்பாடு வீட்டிலிருந்து வரும். வாசலில் நின்று அந்தத் தட்டுகளைச் சோதிக்கும் பொறுப்பைச் செல்வரத்தினத்துக்கு ஒருவரும் கொடுக்கவில்லை. ஒருவரும் மறுக்கவுமில்லை.

போன வருடப் பாறணைக்கு ஸ்ரீதரனின் மனைவி இம்மாகுலேற் பழம் போட்ட ஜெலி கொண்டுவந்திருந்தார். யாழ்ப்பாணத்துப் பாசையூர் மீனவர் கரையில் பிறந்த, ஊரார் வேதக்காரர் என்று சொல்லும் கத்தோலிக்கப் பெண். கலியாணம் முடித்த நாளிலிருந்து புருசனுக்காகச் சஷ்டியும், தனக்காகத் தபசு காலமும் என்று வருடத்தில் இரண்டு தரம் வயிற்றைக் காயப்போடுகிறவர். செல்வரத்தினம் ஜெலிப் பெட்டி எதுவென்று கேட்டார். இம்மாகுலேற் கபடில்லாமல் கைப்பைக்குள்ளிருந்து எடுத்துக் காட்டினார். பூதக்கண்ணாடி வெளியே வந்தது. ஜெலற்றின், அதாவது மாட்டெலும்பு.

செல்வரத்தினம் அதைக் காதோடு காதாகச் சொல்லியிருக்கலாம். ஒலிவாங்கியைப் பிடித்தார்.

"அந்தச் சிவப்பு ஜெலித் தட்டை ஒருதரும் தொட வேண்டாம். பிழை சொல்ல ஏலாது, எங்கட விரதம் வேதக்காரருக்கு விளங்காது."

இம்மாகுலேற் தட்டை எடுத்துக்கொண்டு போய்க் காருக்குள் இருந்தார். பாறணை முடியும்வரை வரவில்லை. செல்வரத்தினம் அன்றைக்கு இரண்டுதரம் பாயாசம் வாங்கிக் குடித்தார்.

இந்த வருடம் அவருடைய மனைவி கனகாம்பிகைக்குக் கை மணிக்கட்டு முறிந்து மாக்கட்டு. அதோடு விடாத தடிமன். மூக்கு அடைத்து, மல்லித்தண்ணிக்கும் பச்சைத்தண்ணிக்கும் வித்தியாசம் தெரியவில்லை. வழக்கமாகக் கொண்டுபோகும் வடையும் சர்க்கரைப் பொங்கலும் நடக்காது. மகள் ஜெனோஜா குரோய்டனிலிருந்து தொலைபேசியில் சொன்னாள்: "நாங்கள் வந்து சுஷி உருட்டித் தாறம். முகுந்த் நல்லாச் செய்வார்."

"பச்சை மீனோ? சஷ்டிக்கோ?"

"அப்பா, சைவச் சுஷி. வெள்ளரிக்காய், கரட், அவக்காடோ. உங்களுக்கு வழுக்கி விழ ஒரு இடமும் இல்லை."

மருமகன் முகுந்த் திருச்சிப் பையன், கணினி வேலை. பிறந்ததிலிருந்து முட்டைகூடத் தொடாத குடும்பம். அவனைப் பற்றிச் செல்வரத்தினம் மண்டபத்தில் பெருமையாகப் பேசுவார்: "எங்கட மருமகன் ஒறிஜினல் சைவம்."

ஆறாம் நாள் பின்னேரம் வந்தார்கள். உள்ளே வந்து சப்பாத்தைக் கழற்றுவதற்கு முதலே ஜெனோஜா ஒரு விரலை உயர்த்தினாள்.

"அப்பா, ஒரு கொண்டிசன். இண்டைக்கு ஒரு பைக்கற்றையும் நீங்கள் திருப்பக் கூடாது."

"நான் சும்மா..."

"சும்மா இல்லை. என்ர கலியாணத்தில கேக் வெட்டேக்க, கத்தியைப் பிடிச்சுக்கொண்டு கேக் செய்தவரை விசாரிச்சனீங்கள். போட்டோவில எல்லாரும் ஆரோ செத்த வீட்டில நிக்கிறமாதிரி நிக்கிறம். ஒருக்கா, ஒரே ஒருக்கா, எல்லாரையும்போல இருந்து ஏதாவது செய்வம்."

"ஓம், சரி," என்றார். கனகாம்பிகை அவருடைய சட்டைப் பைக்குள் கைவிட்டுப் பூதக்கண்ணாடியை எடுத்துத் தன் மாக்கட்டுக்குள் செருகிக்கொண்டார். "உது என்னட்டை இருக்கட்டும்."

முகுந்த் மூங்கில் பாயை விரித்தான். கையகலப் பாய். அதன்மேல் கரும்பச்சைக் கடற்பாசித் தாள், அதன்மேல் சோறு.

"உது என்ன தம்பி சோறு? காய்ச்சல்காரனுக்கு வைச்ச கஞ்சி இறுகினமாதிரிக் கிடக்கு," என்றார் கனகாம்பிகை.

"ஒட்டணும் அத்தை. ஒட்டலைன்னா உருட்ட முடியாது."

"எங்கட வீட்டில சோறு ஒட்டினால் காய்ச்சினவளுக்கு ஏச்சு. யப்பானில ஒட்டாட்டி ஏச்சோ?"

"அப்பா, கையை நனையுங்கோ. இல்லாட்டி முழுச் சோறும் உங்கட கையிலதான் இருக்கும்."

செல்வரத்தினம் கையை நனைத்தார். வாழ்நாளில் அந்த அடுப்படியில் தேத்தண்ணி தவிர வேறெதுவும் செய்யாத கை. சோற்றைப் பரப்பி, வெள்ளரிக்காய்க் கீற்றை நடுவில் படுக்க வைத்து, பாயோடு சேர்த்து உருட்டினார். பாயை எடுத்தபோது ஒரு பக்கம் வாய் பிளந்து, மறு பக்கம் சோறு பிதுங்கியது.

"மாப்பிள்ளை அவசரத்தில வேட்டி கட்டினமாதிரிக் கிடக்கு," என்றார் கனகாம்பிகை. ஜெனோஜா சிரித்து மேசையில் சாய்ந்தாள். முகுந்தும் சிரித்துவிட்டு, "மாமா, ரொம்ப அமுக்காதீங்க, சும்மா அணைச்சுப் பிடிங்க," என்று அவர் கைக்குமேல் தன் கையை வைத்துக் காட்டினான். அடுத்தது கொஞ்சம் உருண்டையாக வந்தது. அதற்கடுத்தது உண்மையிலேயே உருண்டை. கனகாம்பிகை ஒற்றைக் கையால் உருளைக்கிழங்குப் பிரட்டலைக் கொண்டுவந்து, இதையும் வைத்துப் பாருங்கோ என்றார். வைத்தார்கள். மகள் அவருக்குப் பக்கத்தில், தோள் முட்ட நின்று உருட்டிக்கொண்டிருந்தாள். கடைசியாக அவள் அப்படி நின்றது எப்போது என்று அவருக்கு ஞாபகம் வரவில்லை.

அப்போதுதான் முகுந்த் ஒரு சின்னக் கண்ணாடிப் போத்தலை எடுத்தான். "இது மேல தூவறது மாமா. எள்ளு, கடல்பாசி. புதுசா வாங்கினேன். இங்க பாருங்க, பச்சை வட்டம் போட்டிருக்கு." அவனுடைய ஊரில் சைவப் பொருளுக்குப் பச்சைப் புள்ளி போடுவார்கள், அதைப் பார்த்தே வளர்ந்தவன். போத்தலின் முன்பக்கம் பச்சை வட்டம் ஒன்று இருந்தது உண்மை. மூடியைத் திறந்து உதறினான்.

முழுநாளும் தண்ணீர் மட்டும் குடித்திருந்த மனிதரின் மூக்கு நாயின் மூக்குக்குக் கொஞ்சமும் குறைந்ததல்ல. எள்ளு வந்தது. பாசி வந்தது. இரண்டுக்கும் பின்னால், கதவுக்குப் பின்னால் நிற்கும் தெரிந்த ஆள்மாதிரி, இன்னொரு மணமும் வந்தது. செல்வரத்தினத்துக்கு வாயூறியது.

அவர் போத்தலைப் பார்த்தார். அது அவர் பக்கம் முகத்தைக் காட்டிக்கொண்டு ஒரு சாண் தூரத்தில் நின்றது. திருப்புவதற்கு இரண்டு விரல் போதும்.

'கடற்பாசிதானே,' என்று நினைத்துக்கொண்டார். 'கடல் மணக்கத்தான் செய்யும்.' வாக்குக் கொடுத்த மனிதன் வாக்கைக் காப்பாற்ற வேண்டும் என்றும் நினைத்தார். வாக்கைக் காப்பாற்றுவதில் அவருக்கு அன்றைக்கு வந்த அக்கறை முன்னெப்போதும் வந்ததில்லை.

"நல்லாத் தூவும் தம்பி," என்றார்.

நவம்பர் குளிருக்கு வீட்டின் பின்பக்கக் கண்ணாடி அறை குளிர்சாதனப் பெட்டிமாதிரி இருந்தது. தட்டுகளை மூடி அங்கே வைத்துவிட்டுப் படுத்தார்கள்.

காலையில் மண்டபம் நிறைந்திருந்தது. தீபாராதனை முடிந்து தட்டுகளைத் திறந்தபோது, முகுந்த் போத்தலைக் கொண்டுவந்து இன்னொரு தரம் தூவினான். செல்வரத்தினம் வாசலில் நின்று மற்றவர்களின் தட்டுகளைச் சோதித்தார். ஒரு வீட்டுக் கேசரிக்கு எந்த நெய் என்று கேட்டார். இம்மாகுலேற் இந்த முறை தோடம்பழமும் வாழைப்பழமும் கொண்டுவந்திருந்தார். பின்பக்கம் வாசிப்பதற்கு எதுவும் இல்லாத பொருட்கள். அவர் செல்வரத்தினத்தின் முகத்தைப் பார்க்காமலே கூடையை மேசையில் வைத்தார்.

முதல் துண்டைச் செல்வரத்தினம் முருகனைக் கும்பிட்டுவிட்டு வாயில் போட்டார்.

சோறு, புளிப்பு, வெள்ளரிக்காயின் நறுக். பிறகு அது நாக்கில் இறங்கியது. மாசி. சந்தேகத்துக்கு இடமேயில்லை. உரலில் இடித்து, செத்தல் மிளகாயோடும் தேங்காய்ப்பூவோடும் சேர்த்துப் பிசையும் அதே மாசி. இங்கே சீவலாக்கி எள்ளுக்குள் ஒளித்து வைத்திருந்தார்கள். ஆறு நாள் காய்ந்த வயிறு அதை இரண்டு கையாலும் வரவேற்றது.

அந்த இடத்தில் அவர் துப்பியிருந்தால் இந்தக் கதையில் எழுத ஒன்றுமில்லை. விழுங்கியிருந்தால்கூட, வாயில் போட்டதை எப்படித் துப்புவது என்று ஒரு நியாயம் சொல்லலாம். அவருடைய கை தட்டை நோக்கிப் போய் இரண்டாவது துண்டை எடுத்தது. எடுப்பது தன் கைதான் என்று அவருக்குத் தெரிந்தது. போத்தலிலிருந்து அதிகமாகத் தூவப்பட்டிருந்த துண்டாகப் பார்த்து எடுத்தது என்பதும் தெரிந்தது.

மென்றுகொண்டே நிமிர்ந்தார். எதிரே இம்மாகுலேற். அவர் கையில் பாதி கடித்த துண்டு. பாசையூரில் பிறந்த நாக்குக்கு மாசியை அறிமுகம் செய்ய வேண்டியதில்லை. இருவரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். செல்வரத்தினத்தின் தாடை நின்றுவிட்டது.

"நல்லாயிருக்கு அண்ணை," என்றார் இம்மாகுலேற் அமைதியாக. "ஆர் செய்தது?"

நேற்று அடுப்படியில் செல்வரத்தினமும் உருட்டியவர்தான். காலையிலிருந்து மூன்று பேருக்கு அதைப் பெருமையாகச் சொல்லியும் இருந்தார்.

"மருமகன்," என்றார். "எல்லாம் மருமகன்தான்."

இம்மாகுலேற் தலையாட்டிவிட்டுப் போனார். செல்வரத்தினம் மருமகனைத் தேடினார். அவன் தூரத்தில், வயதான இரண்டு பேருக்குச் சுஷி எப்படி உருட்டுவது என்று காற்றில் கையால் காட்டிக்கொண்டும், இடையிடையே தானும் ஒன்றை எடுத்து வாயில் போட்டுக்கொண்டும் நின்றான். முட்டைகூடத் தொடாத குடும்பம். விழுங்கின துண்டு இப்போதுதான் நெஞ்சில் வந்து நின்றது.

ஒலிவாங்கி போன வருடம் இருந்த அதே இடத்தில் இருந்தது. போனார், பிடித்தார்.

"ஒரு விசயம் சொல்ல வேணும். எங்கட வீட்டிலயிருந்து வந்த அந்தச் சுஷி... அதில மச்சம் கிடக்கு. மாசி. ஒருதரும் தொட வேண்டாம்."

எல்லோரும் தட்டைப் பார்த்தார்கள். தட்டில் கொஞ்சம் எள்ளு மட்டும் இருந்தது. வடை அப்படியே இருந்தது, கேசரி பாதி இருந்தது, முதலில் முடிந்தது சுஷி. அங்கே நின்றவர்கள் எல்லோருக்கும் யாழ்ப்பாணத்து நாக்கு.

ஸ்ரீதரன்தான் முதலில் வாய் திறந்தார். "என்ன அண்ணை விசர்க்கதை? அது கடற்பாசி மணம்."

"ஓமோம், பாசிதான்," என்றது ஒரு குரல். "விரதம் இருந்து அண்ணைக்குத் தலை சுத்துது, இருத்துங்கோ ஆளை," என்றது இன்னொன்று. "நீங்கள் பாக்காமலோ கொண்டுவந்திருப்பியள்? எங்களுக்கு உங்களைத் தெரியாதோ?" என்றார் நெய் விசாரிக்கப்பட்ட கேசரி வீட்டுக்காரர், உதட்டோரத்து எள்ளைத் துடைத்தபடி.

அவர்கள் அவரைக் காப்பாற்றினார்களா, தங்களைக் காப்பாற்றினார்களா என்பது தெளிவாக இல்லை. தெளிவாக இருந்தது ஒன்றுதான்: வாழ்நாள் முழுக்க மற்றவர்களின் முறையீடுகளை மறுத்த மனிதரின் குற்ற ஒப்புதலை இன்றைக்கு ஒருவரும் ஏற்கத் தயாராக இல்லை. எனினும் அவர் விடவில்லை. தேத்தண்ணி அண்டாவுக்குப் பக்கத்தில் நின்ற இம்மாகுலேற்றைப் பார்த்தார்.

"தங்கச்சி, நீங்கள் சொல்லுங்கோ. உங்களுக்குத் தெரியும். அது மாசிதானே?"

ஒலிவாங்கி அதை மண்டபம் முழுக்கக் கொண்டுபோனது. இம்மாகுலேற் கையிலிருந்த கோப்பையை மெதுவாக வைத்தார்.

"எனக்கென்ன தெரியும் அண்ணை," என்றார். "நான் வேதக்காரி. உங்கட விரதம் எனக்கு விளங்காது."

ஒருவர் இருமினார். ஸ்ரீதரன் நிலத்தைப் பார்த்தார். செல்வரத்தினம் அந்த வார்த்தைகளை எங்கோ கேட்டதாக நினைத்தார். எங்கே என்று கண்டுபிடிக்க அரை நொடிதான் எடுத்தது. காது மடல்வரை சூடேறியது. ஒலிவாங்கியை வைத்தபோது அது 'டொக்' என்று எல்லோருக்கும் கேட்க விழுந்தது.

"தேத்தண்ணி ஆறுது, வாருங்கோ," என்று யாரோ சொன்னார்கள். கூட்டம் நன்றியோடு கலைந்தது.

காரை ஜெனோஜா ஓட்டினாள். செல்வரத்தினம் முன்னால். பின்னால் கனகாம்பிகையும், மடியில் வெறும் தட்டோடு முகுந்தும். டூட்டிங் வந்ததும் முகுந்த் பையிலிருந்து போத்தலை எடுத்துத் திருப்பினான். அத்தையிடம் கேட்டுப் பூதக்கண்ணாடியை வாங்கினான். கொஞ்ச நேரம் வாசித்தான்.

"மீன்தான் மாமா," என்றான்.

"ஐயோ கடவுளே," என்றார் கனகாம்பிகை. "எனக்கொரு மணமும் தெரியேல்லையே."

"மன்னிச்சிருங்க மாமா. அந்தப் பச்சை வட்டத்தைப் பாத்து நான்தான்..."

"பிழை என்னில," என்றாள் ஜெனோஜா, சிவப்பு விளக்கில் நிறுத்தியபடி. "நான்தானே அப்பாவைத் திருப்ப வேண்டாமெண்டு மறிச்சனான்."

தப்பிப்பதற்கு ஒரு கதவு அகலத் திறந்திருந்தது. மகளே திறந்து பிடித்துக்கொண்டிருந்தாள். அதற்குள்ளால் போய்விட்டால் வீட்டுக்குள் போய்க் குளித்து, சூடாக ஒரு பால்கோப்பி குடிக்கலாம். நாளைக்கு ஸ்ரீதரனுக்குத் தொலைபேசி எடுத்துப் போத்தல்களைப் பற்றி எச்சரிக்கலாம்.

"நீ வாசிக்க வேண்டாமெண்டுதான் சொன்னனீ," என்றார். "மணக்க வேண்டாமெண்டு சொல்லேல்லை."

ஜெனோஜா திரும்பிப் பார்த்தாள்.

"நேற்றே எனக்குத் தெரியும், பிள்ளை. போத்தலைத் திறக்கவே தெரியும். தெரியக்கூடாதெண்டு இருந்தனான். காலமை முதல் துண்டில வடிவாத் தெரிஞ்சுது." இருக்கைப் பட்டியை இழுத்துத் தளர்த்தினார். "பிறகு இன்னொண்டு எடுத்தனான். கூடத் தூவினதாப் பாத்து."

விளக்குப் பச்சையாகி, பின்னாலிருந்த வாகனம் ஹோன் அடித்தது. ஜெனோஜா காரை எடுத்தாள். அவள் ஏசியிருந்தால் நன்றாயிருந்திருக்கும்.

செல்வரத்தினத்துக்குத் திரும்பி மருமகனைப் பார்க்கத் தைரியம் வரவில்லை. முன் கண்ணாடிக்குப் பேசினார்.

"தம்பி, உம்மட வீட்டில ஒருதரும் தொடாத சாமான். நான் பாத்துக்கொண்டு நிண்டு தின்ன விட்டனான். ஆர் செய்ததெண்டு கேக்க உம்மைக் காட்டியும் விட்டனான். உமக்கு என்ன சொல்லுறதெண்டு எனக்குத் தெரியேல்லை."

பின்னால் வெறும் தட்டு மடியில் சரிந்து சத்தமிட்டது.

"எனக்குத் தெரியாது மாமா," என்றான் முகுந்த். "மீன் எப்படி இருக்கும்னே தெரியாது. ஆனா..."

"சொல்லும்."

"நிறையச் சாப்பிட்டேன்."

செல்வரத்தினம் அப்போதுதான் திரும்பினார். முகுந்தின் முகம் சிவந்து, கண் போத்தலிலேயே இருந்தது.

"ரொம்ப நல்லா இருந்துச்சு மாமா," என்றான், யாருக்கோ கேட்டுவிடும் என்பதுபோல.

அந்த முகத்தைச் செல்வரத்தினத்துக்கு நன்றாகத் தெரியும். காலையில் அவருக்கே இருந்த முகம். அவர் கையைப் பின்னால் நீட்டிப் போத்தலை வாங்கினார். வாங்கி, வாசிக்காமலே இரண்டு கைக்குள்ளும் பொத்தி மடியில் வைத்துக்கொண்டார். வாசலில் இறங்கியதும் குப்பைத் தொட்டிக்குள் போடுவதற்காக என்றுதான் மற்ற மூவரும் நினைத்தார்கள்.

அடுத்த நாள் சனிக்கிழமை, மீன் குழம்பு நாள். அவருக்கும் அது ஞாபகம் வந்தது. ஞாபகம் வந்ததற்காக இன்னொருமுறை காது சுட்டது.